கிமோனோவும் சுசுமியும்

"மேடம், பட்டுப்புடவையில் வந்துவிடுங்கள். மேடைக்கு எடுப்பாக இருக்கும்." மகளிர் தினக் கவியரங்குக்கு அழைத்தவர் இவ்வளவுதான் சொன்னார். என்ன கவிதை வாசிக்கப் போகிறேன் என்று கேட்கவில்லை. கோபம்கூட வரவில்லை, பழகிவிட்டது.

அன்றிரவு தோஷிகோ அகியோஷியை நினைத்துக்கொண்டேன். 1929இல் மஞ்சூரியாவில் பிறந்த ஜப்பானியப் பெண். போருக்குப் பின் எல்லாவற்றையும் இழந்த குடும்பம் ஜப்பானுக்குத் திரும்பி பெப்பு நகரில் குடியேறியது. வீட்டில் பியானோ இல்லை. நடன அரங்கில் இருந்தது. அங்கே வேலைக்குப் போனார். பின்னாளில் டோக்கியோவில் அவர் வாசிப்பைக் கேட்ட ஆஸ்கர் பீட்டர்சனின் பரிந்துரையால் 1953இல் முதல் இசைத்தட்டு. 1956இல் பாஸ்டனின் பெர்க்லியில் படிக்கச் சேர்ந்த முதல் ஜப்பானியர் அவர்தான்.

அமெரிக்கா அவரைக் கொண்டாடியது. கிமோனோ உடுத்திய பெண் ஜாஸ் வாசிக்கிறாளே என்ற வியப்பு அது. தன் வாசிப்பின் தரத்தைவிடத் தான் ஒரு விநோதம் என்பதே கவனத்தை ஈர்த்தது என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

நானாக இருந்தால் கிமோனோவோடு ஜப்பானையும் கழற்றி வைத்திருப்பேன். அப்படித்தான் செய்தேன். ஆச்சியின் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவள் நான். 'கிராமத்துப் பெண் கவிஞர்' என்று காட்சிக்கு வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், என் முதல் தொகுப்பிலிருந்து அந்தச் சாயலையெல்லாம் அடித்துவிட்டேன். முனைவர் பட்டம் வாங்கியவளின் மொழி என்று பாராட்டினார்கள். பாராட்டு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அகியோஷி வேறு வழியில் போனார். 1973இல் கணவர் லூ டபாக்கினோடு லாஸ் ஏஞ்சலஸில் 16 பேர் கொண்ட இசைக்குழுவைத் தொடங்கினார். இசை முழுக்க அவர் எழுதியது. 1974இல் வந்த 'கோகுன்' என்ற படைப்பில் ஊதுகருவிகளுக்கிடையே சுசுமி ஒலிக்கிறது. நோ நாடகத்தின் சிறு கைமுரசு அது. நம் உடுக்கையைப்போல இடை சிறுத்தது; கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் ஒலியை மாற்றுவார்கள். கூடவே அடிவயிற்றிலிருந்து எழும் மனிதக் குரல். போர் முடிந்தது தெரியாமல் பிலிப்பைன்ஸ் காட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒளிந்திருந்த சிப்பாயைப் பற்றிய இசை. 1976இல் பாதரசக் கழிவால் பாழான மினமாட்டாவை எழுதினார். அது தொடங்குவது அவருடைய மகளின் பிஞ்சுக் குரலில். ஜப்பான் இப்போது அவர் உடம்பின்மேல் இல்லை, அவர் எழுதிய தாளில் இருந்தது.

கிராமி விருதுக்கு 14 முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. குழுவை 2003 வரை நடத்தினார்.

கவியரங்குக்குக் கைத்தறிப் புடவையில் போனேன். அடித்துவிட்ட ஒப்பாரி வரிகளை மீண்டும் சேர்த்து எழுதிய கவிதையை வாசித்தேன். "இது எழவு வீட்டுப் பாட்டாச்சே" என்றார் முன்வரிசையில் ஒருவர். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.