யாளி மீசை

கூரையிலிருந்து தொம்பைகள் தொங்குகின்றன, கோயில் தேரில் கட்டும் உருளை வடிவக் கலம்காரித் துணிகள். இடையில் நுழைந்து நடக்கலாம். இயற்கைச் சாயத்துக்கென்றே சென்னையில் ஒரு மண்டபத்தை இப்படி அலங்கரித்திருக்கிறார்கள். அதே சிவப்பு, அதே கறுப்பு. ஆனாலும் ஏதோ குறைகிறது. மூக்குதான் கண்டுபிடித்தது. வாசமே இல்லை.

உனக்கு நினைவிருக்குமே, சிக்கல்நாயக்கன்பேட்டைத் தெரு திரும்பும்போதே பானை வாசம் வந்து இழுக்கும்! துருப்பிடித்த ஆணி, ஒடிந்த லாடம், வெல்லம், தண்ணீர். வாயைக் கட்டித் திண்ணையோரம் ஊறவைத்திருப்பார் தாத்தா. நாம் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அந்தப் புளிப்பு மூக்கில் ஏற, ஓடியிருக்கிறோம்.

கடுக்காயும் எருமைப்பாலும் கலந்ததில் முக்கியெடுத்த காடாத்துணி கொடியில் காயும். பால் வாசத்துக்கு ஆட்டுக்குட்டி வந்து முகரும். விரட்டுவது நம் வேலை. அதற்குக் கூலியாக ஒருநாள் மூங்கில் குச்சியை நம் கையில் கொடுத்தார். "யாளிக்கு மீசை எழுதுங்கடா." குச்சியில் தொட்டது அந்தப் பானையின் வெளுத்த பழுப்புத் தண்ணீர்தான். துணியில் பட்டதும் கறுத்தது! கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். பயத்தில் உன் கை நடுங்கி மீசை கோணிக்கொண்டது. தாத்தா சிரித்தார், அழிக்கவில்லை. அது அழியவும் அழியாது.

சிவப்புக்குப் படிகாரத் தண்ணீர். எழுதிய இடமே தெரியாது. சாயத்தில் போட்டுக் கொதிக்கவைத்தால் அந்த இடம் மட்டும் சிவந்து எழும். தன் தாத்தா காலத்தில் அது சாயவேர்ச் சிவப்பு என்பார். கடற்கரை மணலைக் கிளறி எடுத்த இம்பூறல் வேர். 1868இல் ஜெர்மனியில் அந்தச் சிவப்பின் சத்தையே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அப்புறம் மணலைக் கிளற யார் போவார்கள்?

ஆற்றில் ஓடுகிற தண்ணீரில் அலசி மணலில் விரிப்போம். போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். துணி விரித்த இடத்தில் கோரை மண்டிக் கிடக்கிறது. 2021இல் நம் கைவேலையான கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மனசு நிறைந்தது. சில வீடுகளில் இன்னும் எழுதுகிறார்கள். நம் தாத்தா வீட்டுத் திண்ணையில் பானை இல்லை. தேரில் பளபளவென்று மிஷின் அச்சுத் துணி ஆடுகிறது.

மண்டபத்தில் ஒவ்வொரு தொம்பையாகச் சுற்றி வந்தேன். யாளி மீசைகள் எல்லாம் நேராகவே இருந்தன. நம்முடைய கோணல் மீசை எந்த ஊர்த் தேரில் ஏறிப் போனதோ.