ஸோலிங்கன் சவரக்கத்தி

ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ப் நகரில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் தமையனாரின் புதல்வனுக்குச் சென்ற தை மாதம் தில்லியில் திருமணம் நடந்தேறியது. அதற்கு மூன்று மாதம் முன்பாக, அவனுடைய அழைப்பின்பேரில், நாங்கள் இருவரும் அங்கே சென்று பதினைந்து நாள் தங்கியிருந்தோம். மாதா கோயில் கோபுரங்களையும் ரைன் நதியையும் பார்க்கும் ஆவலோடு போன எங்களுக்கு அவன் ஒரு வேலையும் வைத்திருந்தான்.

மணமகனுக்குத் துணை நிற்கும் தோழர்களுக்கு மணமகனே தன் கையால் ஒரு பரிசளிப்பது ஆங்கிலேயரிடமும் அமெரிக்கரிடமும் உள்ள வழக்கம். நம்மிடம் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கும் பையனுக்குப் புது வேட்டி கிடைக்கும்; வசதியுள்ள இடமானால் மோதிரம் கிடைக்கும். அத்துடன் சரி. இவனுக்கோ தோழர்கள் நால்வர். ஒருவன் ஆங்கிலேயன், ஒருவன் ஜெர்மானியன், ஒருவன் உடன் வேலை செய்யும் மலையாளி. நாலாமவன் தில்லியில் எங்கள் குடியிருப்பிலேயே இவனோடு வளர்ந்து, ஒரே பள்ளியில் படித்து, இப்போது புனேயில் எஞ்சினீயராக இருக்கும் பையன். கையால் செய்த சவரக்கத்தி, அதைத் தீட்டும் தோல்வார், நுரை குழைக்கும் பிரஷ், சோப்புக் கிண்ணம் ஆகியவை அடங்கிய பெட்டி ஒன்றை நால்வருக்கும் தருவதென்று அவன் தீர்மானித்திருந்தான்.

"ஸோலிங்கன் இங்கிருந்து அரைமணிப் பிரயாணந்தான், சித்தப்பா. நீங்கள் இருவரும் வந்து பார்த்து எடுத்துக் கொடுங்கள்" என்றான்.

"கல்யாணத்துக்குக் கத்தியா கொடுப்பார்கள்?" என்று எங்கள் இருவரில் குடும்பத்தின் நல்லது பொல்லாததைக் கவனிப்பவர் கேட்டார். அவர் இன்னார் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் மறுநாள் காலை மூவரும் ரயிலேறினோம்.

ஸோலிங்கன் பெரிய நகரமன்று. ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், தலைக்குமேல் இரண்டு மின்கம்பிகளைப் பற்றிக்கொண்டு தண்டவாளமின்றி ஓடும் பஸ்களைக் கண்டோம். 1952ஆம் ஆண்டு முதல் அங்கே அவை ஓடுகின்றனவாம். பம்பாயில் 1962 முதல் 1971 வரை இத்தகைய பஸ்கள் ஓடியது அங்கே குடியேறிய பழைய தமிழ் அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். நகரின் நடுப்பகுதியில் பழமையான கட்டிடங்களைத் தேடினால் ஏமாற்றந்தான். 1944 நவம்பர் மாதம் 4, 5 தேதிகளில் விழுந்த குண்டுகள் அவற்றை அழித்துவிட்டன. பழைய ஸோலிங்கனைக் காண விரும்புவோர் கிரேப்ராத் என்னும் பகுதிக்குத்தான் போக வேண்டும். கறுப்புக் கற்பலகை பதித்த சுவர்கள், வெள்ளைச் சட்டமிட்ட ஜன்னல்கள், பச்சைக் கதவுகள்; வீடுகளெல்லாம் ஒரு குடும்பத்துப் பெண்களைப்போல் ஒரே சாயலில் நிற்கின்றன. அங்கே முன்பு கன்னிமாடமாக இருந்த கட்டிடத்தில் இப்போது கத்திகளின் காட்சிசாலை இருக்கிறது. வாளும் கரண்டியும் கத்தரிக்கோலும் சவரக்கத்தியும் கண்ணாடிக்குள்ளே வரிசையாக உறங்குகின்றன.

இத்தனை கத்திகள் இந்த ஊரில் பிறந்ததற்குக் காரணம் மலைகளும் ஆறுந்தான். மலைக்காடுகளில் கரிக்கு மரமிருந்தது. பக்கத்திலே இரும்பு கிடைத்தது. வுப்பர் என்ற ஆறும் அதில் விழும் ஓடைகளும் சாணைக்கற்களைச் சுழற்றின. ஆற்றங்கரையில் பால்க்ஹவுஸன் என்ற இடத்தில் அத்தகைய சாணைச்சாலை ஒன்றைப் பார்வையாளருக்காகக் காத்து வருகிறார்கள். நீர்ச்சக்கரம் திரும்புகிறது, உள்ளே கற்கள் சுழலுகின்றன. பார்க்க ரம்மியமாகத்தான் இருந்தது. ஆனால் மணற்கல்லில் எஃகைத் தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலில் படிந்து, பழைய நாளில் சாணைக்காரர் பலர் நடுவயதைக் காணாமலே மாண்டார்கள். சில வேளைகளில் சுழலும் கல்லே வெடித்து ஆளைக் கொன்றதுமுண்டு. இந்த விவரத்தைக் கேட்டபின் அந்தச் சக்கரத்தின் ஓசை எங்களுக்கு முன்போல் இனிக்கவில்லை.

இன்னொரு செய்தி எங்களைக் கவர்ந்தது. சாணைக்காரர்கள் தொழிற்சாலையில் கூலிக்கு அமர்ந்தவர்களல்லர். பெரும்பாலோர் சொந்தப் பட்டறையில் வேலை செய்தவர்கள். அவர்கள் தீட்டி முடித்த கத்திகளை நகரத்து வியாபாரியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பெண்கள். பெரிய கூடைகளில் எஃகை நிரப்பித் தலையில் சுமந்து மலையேறியிருக்கிறார்கள். பழைய புகைப்படத்தில் சும்மாட்டின்மேல் கூடையோடு நிற்கும் அந்த ஜெர்மானியப் பெண்ணைக் கண்டபோது, நம்மூர்ச் சந்தைக்குப் போகிறவளை எதிரே கண்டாற்போல் இருந்தது.

ஸோலிங்கன் என்ற பெயரைப் போலிகளிடமிருந்து காக்க 1938இல் ஒரு சட்டம் செய்தார்கள். 1994இல் வந்த விதியின்படி, செய்முறையின் முக்கியமான கட்டங்கள் எல்லாம் அந்த வட்டாரத்துக்குள்ளேயே நடந்தாலன்றி அப்பெயரைக் கத்தியில் பொறிக்கலாகாது. காஞ்சிபுரம் என்றால் பட்டு என்பதுபோல், இங்கே ஊரே முத்திரை.

நாங்கள் போன பட்டறை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. எண்ணி மூன்று பேர் வேலை செய்தார்கள். முதியவர் ஒருவர், பையனின் மொழிபெயர்ப்பின் துணையோடு, எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டினார். பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் அடித்துக் கத்தியின் உருவத்தை எடுக்கிறார்கள். மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக வைக்கிறார்கள். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கிவிடுமாதலால், இளஞ்சூட்டில் மீண்டும் பதப்படுத்துகிறார்கள். இதுவரையில் இயந்திரமும் அடுப்பும் பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் கைதான். சுழலும் இரண்டு கற்களுக்கிடையே கத்தியைப் பிடித்து, அதன் இரு கன்னங்களையும் உட்குழிவாகத் தேய்க்கிறார் சாணைக்காரர். முதுகு தடித்திருக்க, வாய் காகிதம்போல் மெலிகிறது. ஒரு கணம் கை அசந்தால் எஃகு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். பிறகு அது கழிவுதான். முதியவர் முடிந்த கத்தியொன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல அழுத்தினார். எஃகின் விளிம்பு நகத்தின் வளைவோடு தானும் வளைந்து கொடுத்தது! பிறகு விரலால் சுண்டினார். வீணையின் மெல்லிய தந்தியைப்போல் அது ரீங்காரம் செய்தது. அந்த நாதத்தைக் கேட்டே தேய்ப்புச் சரியா என்று அறிந்துகொள்வாராம்.

ஐந்தெட்டு அங்குல அகலத்தில், ஆலிவ் மரப் பிடியிட்ட நான்கு கத்திகளைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்றின் விலை இருநூறு யூரோவை ஒட்டி இருந்தது. பணத்தை எண்ணியபின் முதியவர் பையனிடம், "இவற்றை வாங்குகிறவர்களுக்குத் தீட்டத் தெரியுமா?" என்று கேட்டார். பையன் சிரித்து மழுப்பினான். முதியவர் சிரிக்கவில்லை. தோல்வாரைக் கொக்கியில் மாட்டி, கத்தியின் முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர, இழுத்துக் காட்டினார். முனையில் முதுகின்மேலேயே புரட்டித் திருப்பினார். வாய் முன்னே போனால் தோலும் கெடும், கத்தியும் கெடும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் ஐம்பது முறையாவது இப்படிச் செய்ய வேண்டும். சவரம் முடிந்ததும் துடைத்து உலர்த்தாவிட்டால் துரு ஏறிவிடும். இத்தனையும் சொல்லிவிட்டு, "தீட்டத் தெரியாதவனுக்குக் கொடுத்தால் அது காட்சிசாலைக்குத்தான் போகும்" என்றார்.

கல்யாணத்துக்குக் கத்தி ஆகுமா என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. கூர்மையான பொருளைப் பரிசளித்தால் நட்பை அறுத்துவிடும் என்ற அச்சம் ஜெர்மானியரிடமும் உண்டு. பரிசு பெற்றவன் பதிலுக்கு ஒரு செப்புக்காசு கொடுத்துவிட்டால் அது விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும், தோஷமில்லை. எங்களில் கவலைப்பட்டவர் இந்தப் பரிகாரத்தை உடனே ஏற்றுக்கொண்டார்.

அவருடைய மனத்தில் உண்மையிலேயே இருந்த கவலை வேறு என்பது, கிரேப்ராத்தில் காப்பி அருந்த உட்கார்ந்தபோதுதான் வெளிவந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி மேசையில் சர்க்கரையும் லவங்கப்பட்டைத் தூளும் தூவிய பாற்சோறு வைத்தார்கள். நம் பாயசத்தின் ஒன்றுவிட்ட தங்கை. அதை ஒரு வாய்கூட உண்ணாமல் அவர் கேட்டார்: "நாலாவது பெட்டி யாருக்கென்று யோசித்தாயா, தம்பி?"

நாங்கள் கொங்கு நாட்டுக்காரர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். அவரைக் குடிமகன் என்பார்கள். இன்று பிரஜை என்று பொருள்படும் அச்சொல்லுக்கு அங்கே இதுவும் பொருள். மணமகனுக்கு முகம் மழித்து, சபை நடுவே நின்று வாழ்த்துப் பாடி முடித்தபின், அவர் பந்தியில் எங்களோடு உட்கார்ந்ததில்லை. எங்கள் திருமணத்தில் பாடிய பெரியவரின் பேரன்தான் புனேயில் இருக்கும் அந்த நாலாவது தோழன். அவனுடைய தந்தை தில்லியில் சர்க்கார் உத்தியோகம் ஏற்றபோது, இனி இந்தக் குடும்பத்தில் யாரும் அடைப்பம் தூக்கப்போவதில்லை என்று பெரியவர் சொன்னதாகக் கேட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளையின் கையில், மணமேடையருகே, நாங்களே சவரக்கத்தியைக் கொடுப்பதா?

பையனுக்கு முகம் வாடிவிட்டது. அவன் தில்லியில் பிறந்தவன். இது அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது நல்லதா கெட்டதா என்று எங்களுக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு மட்டும் கைக்கடிகாரம் வாங்கிவிடலாம் என்று யோசனை சொன்னோம். பையன் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, "அவனையே கேட்டுவிடுகிறேன்" என்று எழுந்து வெளியே போய்த் தொலைபேசியில் பேசினான். ஜன்னல் வழியாக அவன் நடைபாதையில் மேலும் கீழும் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாற்சோறு ஆறிவிட்டது.

திரும்பி வந்து அவன் சொன்னது இது. மூவருக்குக் கத்தியும் தனக்கு மட்டும் கடிகாரமும் கொடுத்தால் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றானாம் நண்பன். தாத்தாவிடம் ஒரு ஸோலிங்கன் கத்தி இருந்ததாகவும், அதை அவர் யாரையும் தொடவிட்டதில்லை என்றும், வெகுநேரம் அவரைப் பற்றியே பேசினானாம். "வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ முதலில் அதில் மழிக்கக் கற்றுக்கொள். உனக்கே தெரியாத வேலையின் கருவியை எனக்குப் பரிசாகத் தராதே" என்று முடித்தானாம்.

நாங்கள் உடனே மறுபடி அந்தச் சந்துக்குப் போனோம். பட்டறை சாத்தும் நேரம். பையன் ஐந்தாவது கத்தியொன்றைத் தனக்கென்று வாங்கினான். முதியவர் ஒன்றும் கேட்கவில்லை. தோல்வாரை மறுபடி கொக்கியில் மாட்டி அவன் கையில் கத்தியைக் கொடுத்தார். நான்கைந்து இழுப்பிலேயே தோலில் ஒரு வெட்டு விழுந்தது. அந்தத் தோல்வாருக்கும் பணம் கொடுத்தோம்.

கத்திகளைக் கைப்பையில் வைத்து விமானத்தில் ஏற முடியாது. பெரிய பெட்டியின் அடியில், புடவைகளுக்கிடையே வைத்து, சரக்கோடு அனுப்பித் தில்லி சேர்த்தோம்.

கல்யாணத்தன்று விடியற்காலை மணமகன் கதவைச் சாத்திக்கொண்டு தானே முகம் மழித்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முகூர்த்தத்துக்கு நேரமாகிறதென்று பெரியவர்கள் வெளியே தவித்தார்கள். தாடையில் ஓரிடத்தில் படிகாரத்தின் வெள்ளைத் தடத்தோடு வெளியே வந்தான். பெட்டிகளைக் கொடுத்தபோது நால்வரும் ஆளுக்கொரு ரூபாய் நாணயம் கொடுத்தார்கள். புனேக்காரன் நாணயத்தைக் கொடுத்துவிட்டு, மணமகனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்து, "இடது பக்கம் விட்டுப்போயிருக்கிறது" என்றான்.

பந்தியில் அவனுடைய தந்தை எங்களுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார். மங்கல வாழ்த்து முழுவதும் தமக்கு மனப்பாடம் என்று, பாயசம் பரிமாறும்போது, மெல்லச் சொன்னார்.