கணிப்பொறிக்குக் கண்ட சுரம்

உழைக்கும் பொருள் யாவும் சூடேறும் என்பது யாவரும் அறிந்த விஷயம். உழுது திரும்பிய எருதின் உடலும், ஓடி நின்ற வண்டியின் அச்சும், பகலெல்லாம் சுழன்ற தையற்பொறியும் தொட்டாற் சுடும். அச்சூட்டின் காரணத்தை ஆராயாமல், அருகில் நின்றவன்மேற் பழி சுமத்துவது அறிவுடையோர் செயலன்று. எனினும் யாம் அவ்வாறே செய்தோம். அவ்வரலாற்றை எம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்களுக்கு உரைக்க விரும்புகின்றோம்.

எம் தந்தையார் தையற்றொழில் செய்பவர். வீட்டின் முன்னறையே அவருடைய கடை. யாம் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் அவர் தவணை கட்டி வாங்கித் தந்த மேசைக் கணிப்பொறி யொன்று அவ்வறையிலே இருக்கின்றது. திரை ஒரு சிறு மேசையின்மீதும், பெட்டி துணி வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் தரையின்மீதும் வைக்கப்பட்டிருந்தன. வீட்டில் வேறு இடமில்லை. காலையில் யாம் அதில் எழுதுவோம். மாலையில் எட்டாம் வகுப்பிற் படிக்கும் எம் தம்பி அதில் விளையாடுவான், படம் வரைவான்.

இவ்வாண்டு பிப்ரவரித் திங்களில், தையற்காரர் வழங்கும் தொழிற்சொற்களைப் பற்றிய எம் ஆய்வேட்டைத் தட்டெழுதிக் கொண்டிருந்தோம். மார்ச்சுத் திங்கள் முடிவதற்குள் அதனை ஒப்புவித்தாக வேண்டும். அப்பொழுதே கணிப்பொறிக்குப் பிணி கண்டது. முதலில் அது சோம்பிற்று. தட்டிய எழுத்துச் சற்றுப் பொறுத்தே திரையில் தோன்றிற்று. பின்னர் உள்ளே விசிறி இரையத் தொடங்கிற்று. இருபது நிமிடம் சென்றதும் திரை இருண்டு, பெட்டி தானே அணைந்தது. மீண்டும் இயக்கினால் பத்து நிமிடத்தில் அணைந்தது.

தம்பியின் விளையாட்டுக்களே இதற்குக் காரணம் என்று யாம் ஒரு நொடியில் தீர்ப்புச் செய்துவிட்டோம். அவன் எங்கிருந்தோ வைரஸ் ஒன்றைக் கொணர்ந்தான் என்பது எம் கட்சி. ஒருநாட் பகலில், அவன் பள்ளிக்குச் சென்றிருந்தபோது, எம் ஆய்வேட்டைமட்டும் பென் டிரைவிற் பத்திரப்படுத்திக்கொண்டு, வட்டிலிருந்த யாவற்றையும் அழித்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவினோம். இடையில் மூன்று முறை பெட்டி அணைந்தது. அந்த அறிகுறியையும் யாம் மதித்தோமில்லை.

மாலையில் வந்த தம்பி, "அண்ணா, என் படங்கள் எங்கே?" என்று கேட்டான். இரண்டாண்டுகளாக அவன் பெயிண்ட் என்னும் மென்பொருளில் மௌஸைக் கொண்டு வரைந்த படங்கள் அதில் இருந்தன. ரயில் வண்டிகள், எம் தெருவின் வீடுகள், தந்தையார் தையற்பொறியின்முன் குனிந்திருக்கும் கோலம் ஆகிய யாவும் போயின. "உன் விளையாட்டால் வந்த வினை" என்றோம். அவன் மறுமொழி கூறவில்லை. புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே சென்றான்.

மறுநாளும் கணிப்பொறி இருபதாம் நிமிடத்தில் அணைந்தது. தம்பி குற்றமற்றவன் என்பது அப்பொழுதே எமக்குத் தெளிவாயிற்று. ஆயினும் அதனை அவனிடம் கூற எம் நா எழவில்லை. கடைக்காரர் ஒருவர் சொற்படி 900 ரூபாய் கொடுத்து மின்வழங்கியை மாற்றினோம், பயனில்லை. பெட்டியின் பக்கத்தகட்டைச் சிறிது நகர்த்தி, மேசை விசிறியை அதன்மீது வீசச் செய்தோம். பத்து நிமிடம் கூடுதலாக உழைத்து, பின்னர் அணைந்தது.

இறுதியில் எம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்துப் பணியாளர் ஒருவரிடம் முறையிட்டோம். அவர் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "தம்பி, வீட்டில் என்ன தொழில்?" என்றார்.

"தையல், ஐயா."

"பெட்டி எங்கே இருக்கிறது?"

"துணி வெட்டும் பலகைக்குப் பக்கத்தில், தரையில்."

"திறந்து பார்த்தாயோ?"

"உள்ளே பார்த்ததில்லை, ஐயா."

"பின் எதைக் கண்டு வைரஸ் என்றாய்?"

இவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. அன்று மாலை அவர் சொற்படி, பெட்டியை இயக்கியவுடன் விசையை அழுத்திப் பயாஸ் திரையைக் கண்டோம். அதில் நுண்செயலியின் வெப்பம் காட்டப்படும். யாதொரு வேலையும் செய்யாத அந்நிலையிலேயே 78 பாகை இருந்தது. சில நிமிடங்களில் 91 ஆயிற்று. பல நுண்செயலிகளுக்கு 100 பாகை செல்சியஸை அடுத்த வெப்பமே எல்லை. அவ்வெல்லை நெருங்கும்போது நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அதற்கும் வெப்பம் தணியாதாயின், உடல் வெந்து போகாதபடி பெட்டியே அணைந்துவிடும். எழுத்துத் தாமதித்ததும், திரை இருண்டதும் தற்காப்பே அன்றி வேறன்று.

இச்சூடு எங்கிருந்து வருகின்றது என்பதையும் அப்பெரியவர் விளக்கினார். நுண்செயலி கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுதும் வெப்பமாகவே வெளிப்படும். எம் தந்தையாரின் இஸ்திரிப்பெட்டி 1,000 வாட் கொள்வது. அதன் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். நுண்செயலி கொள்வதோ 65 வாட்டே. ஆயின் உள்ளே உழைக்கும் சிலிக்கன் வில்லை ஏறத்தாழ ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். கணக்கிட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட்டுக்கு மேல் வரும். பரப்பளவுக்கு ஏற்ப நோக்கின் அது இஸ்திரிப்பெட்டியை எட்டு மடங்கு விஞ்சுகின்றது.

இது புதிய இடுக்கணுமன்று. 1946-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் உலகுக்குக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் கணிப்பொறி ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழல்களுடன் 150 கிலோவாட் மின்சாரம் கொண்டது. அதன் வெப்பத்தைப் போக்கவே பெரிய ஊதுவிசிறிகள் வேண்டியிருந்தன. 2004-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் நுண்செயலியின் வேகத்தை மேன்மேலும் கூட்டும் வழியைவிட்டு, ஒரே நுண்செயலியில் பல உட்கருக்களை அமைக்கும் வழிக்குத் திரும்பியதற்கும் வெப்பமே தலையாய காரணங்களுள் ஒன்று.

மறுநாள் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தகட்டை முழுதும் கழற்றினோம். நுண்செயலியின்மீது அலுமினியத் தகடுகளின் அடுக்கும், அதன்மீது சிறு விசிறியும் இருந்தன. விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே, கம்பளித்துண்டு போன்றதொரு படலம் படிந்திருந்தது. சிமிட்டியால் அதனை மெல்ல எடுத்து வெளிச்சத்திற் பிடித்தோம். சிவப்பும் பச்சையும் இரவிக்கைத் துணிகளின் பஞ்சிழைகள்; நடுவே தடித்த நீலம், ஜூன் மாதத்துப் பள்ளிச் சீருடையினது. ஐந்தாண்டுகளாக எம் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிய துணிகளின் துகளே காற்றின் வழியை அடைத்திருந்தது. யாம் வைத்த மேசை விசிறி அத்துகளை இன்னும் உள்ளே தள்ளியிருந்தது.

தையற்பொறியைத் துடைக்கும் தூரிகையால், விசிறியின் இதழ் சுழலாதபடி விரலாற் பற்றிக்கொண்டு, தகடுகளைத் துடைத்தோம். அடுக்கைப் பலகையோடு பிணைக்கும் நான்கு ஊசிகளுள் ஒன்று நெகிழ்ந்திருந்தது. அடுக்கை எடுத்துப் பார்த்தால், நுண்செயலிக்கும் அலுமினியத்துக்கும் இடையிலுள்ள பசை காய்ந்த சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புக்களும் உண்மையில் மேடுபள்ளம் உடையவை. அப்பள்ளங்களிற் காற்றுத் தங்கும். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் காற்றைவிட ஏறத்தாழ 9,000 மடங்கு வல்லது. ஆகையால் அக்காற்றைப் போக்கிப் பள்ளங்களை நிரப்பவே பசை இடுகின்றனர். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியால் பழம்பசையைத் துடைத்து, பட்டாணி யளவு புதுப்பசை வைத்து, எதிரெதிர் மூலைகளிலுள்ள ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக, 'டக்' என்னும் ஒலி கேட்கும்வரை அழுத்தினோம்.

இத்தனைக்கும் விளக்குப் பிடித்தவன் தம்பி. அவனை அழைத்தவர் யாம் அல்லேம். அவனே வந்து நின்றான். பயாஸ் திரையில் 44 பாகை தோன்றியதும், "தப்பு உன்மேல் இல்லை, கேளாமல் அழித்தது என் தப்பு" என்று கூறினோம். அவன் சற்று நேரம் திரையையே நோக்கியிருந்தான். பிறகு, "அப்பா படத்தைமட்டும் திரும்ப வரைய முடியாது அண்ணா. அப்போது அந்தப் பழைய மிஷின் இருந்தது" என்றான். அம்மிஷினைத் தந்தையார் முன்னைய ஆண்டிலே விற்றுவிட்டார்.

அன்று கணிப்பொறி ஆறு மணிநேரம் அணையாமல் உழைத்தது. ஆய்வேடும் குறித்த நாளில் ஒப்புவிக்கப்பட்டது. பெட்டி இப்பொழுது தரையினின்றும் ஏறிச் சுவரலமாரியின் மேற்றட்டில் இருக்கின்றது. இரண்டு திங்களுக்கு ஒருமுறை தம்பியே தூரிகைகொண்டு அதனைத் துடைக்கின்றான்.

இதனை வாசிக்கும் நண்பர்களே! உங்கள் கணிப்பொறி சோம்பி, இரைந்து, அணையுமாயின், முதலில் மின்கம்பியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வட்டை அழிக்கத்தான் வேண்டுமெனின், அதனைப் பயன்படுத்தும் யாவரையும் முன்னரே கேளுங்கள். எம் ஆய்வேட்டின் படி இன்று மூன்று இடங்களில் இருக்கின்றது. தம்பியின் படங்கள் ஓரிடத்திலும் இல்லை.