ஸ்டில்லா? ஸ்பார்க்ளிங்கா?

ஹோட்டலை நான் ரெண்டு வகையாத்தான் பிரிச்சு வச்சிருக்கேன். உக்கார்ந்த உடனே எவர்சில்வர் டம்ளரை 'டொக்'குன்னு வச்சுட்டு, ஈரத்துணியால டேபிளை ஒரு இழுப்பு இழுத்துட்டு, "என்ன சார் சாப்பிடறீங்க?"ன்னு கேக்கறது ஒண்ணு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, லேசா குனிஞ்சு, "ஸ்டில் வாட்டரா, ஸ்பார்க்ளிங்கா சார்?"ன்னு கேக்கறது இன்னொண்ணு. முதல் வகையில நான் ராஜா. ரெண்டாவது வகையில எப்படின்னு சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியிருக்கு.

அந்தத் தண்ணிக் கேள்வியே ஒரு பரிட்சை மக்களே. "சாதா தண்ணி போதும்ப்பா"ன்னு சொல்ல நம்மள்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? எனக்கு வராது. பாட்டிலை உடைச்சு ஊத்திடுவாங்க, கடைசியில பில்லுல அது ஒரு பிரியாணி விலையில வந்து நிக்கும். இதை எதிர்த்தும் ஒண்ணும் பண்ண முடியாது. ஹோட்டல்ல பாட்டில் தண்ணியை எம்.ஆர்.பி.க்கு மேல வித்தாலும் தப்பில்லைன்னு 2017 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அங்க நடக்கறது வெறும் பாட்டில் வியாபாரம் இல்லையாம், சேவையும் அதுல சேர்ந்திருக்காம். யோசிச்சுப் பாத்தா நியாயமாத்தான் இருக்கு. தண்ணிக்கா காசு கொடுக்கறோம்? அந்தக் குனியலுக்குக் கொடுக்கறோம்.

அடுத்தது மெனு கார்டு. நீங்க கவனிச்சிருக்கீங்களான்னு தெரியலை, பெரிய இடத்து மெனுவுல பல சமயம் ரூபாய்க் குறியே இருக்காது. வெறும் நம்பர் மட்டும் பூச்சி மாதிரி ஓரமா உக்கார்ந்திருக்கும். அதுக்கும் காரணம் இருக்கு. 2009ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ஆய்வு பண்ணினாங்க. டாலர் குறி போட்ட மெனு, குறி இல்லாம நம்பர் மட்டும் போட்ட மெனு ரெண்டையும் கொடுத்துப் பாத்ததுல, குறி இல்லாத மெனுவைப் பாத்தவங்கதான் அதிகமா செலவு பண்ணியிருக்காங்க. காசுங்கற ஞாபகமே வரக்கூடாதாம். என் கிட்ட அந்தப் பருப்பு வேகாது. நான் மெனுவை உருது மாதிரி வலது பக்கத்துலருந்து படிக்கற ஆளு :-)

ஸ்பூன், ஃபோர்க் சமாச்சாரத்தைப் பத்தி எல்லாரும் பக்கம் பக்கமா ஜோக் எழுதிட்டாங்க. கை அலம்ப வச்ச எலுமிச்சம்பழத் தண்ணியை எடுத்துக் குடிச்ச மாமா எல்லார் குடும்பத்துலயும் ஒருத்தர் இருக்கார். அதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லைன்னு நினைக்கிறேன். வெளிப்பக்கம் இருக்கறதை முதல்ல எடு, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் உள்பக்கமா நகர்ந்துகிட்டே வா. முடிச்சதும் ரெண்டையும் சேத்துத் தட்டுல வச்சிடு, எடுத்துட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான் வித்தை. பஸ்ல டிரைவர் பக்கத்துல உக்கார்ந்து கியர் மாத்தறதைப் பாத்துப் பழகினவனுக்கு இது எம்மாத்திரம்? அரை நாள்ல வந்துரும்.

என்னை நெளிய வைக்கறது வேற. பின்னால ஒருத்தர் நிக்கறது. என் டம்ளர்ல தண்ணி ஒரு இஞ்ச் குறைஞ்சா வந்து ஊத்தறார். பாவம் ஊத்திட்டாரேன்னு நான் குடிக்கறேன். குடிச்சிட்டாரேன்னு அவர் திரும்ப ஊத்தறார். ரெண்டு பேருமே நிறுத்த முடியாம, சூப் வர்றதுக்குள்ள எனக்கு வயிறு ரொம்பிடும்.

இந்த நெளிச்சலுக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. எங்க பெரியப்பா கோவில்பட்டியில ஒரு கிளப்புக் கடையில சப்ளையரா இருந்தவர். பள்ளிக்கூட லீவுல நான் அங்க போய் ஓரமா உக்கார்ந்து வேடிக்கை பாப்பேன். இட்லி, வடை, பொங்கல், பூரி, ரோஸ்ட், ஊத்தப்பம்னு மூச்சு விடாம அவர் சொல்றது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கும். சாப்பிடற ஆளோட மூஞ்சியை அவர் பாக்கவே மாட்டார். இலையைத்தான் பாப்பார். "சாம்பார் வேணுமான்னு கேக்கக் கூடாதுய்யா. கேட்டா, பசியோட வந்தவன் கூச்சப்பட்டுப் போதும்னுருவான். இலை காஞ்சிருந்தா ஊத்திட்டுப் போயிட்டே இரு"ம்பார். பெரிய ஹோட்டல்ல எல்லாத்தையும் கேக்கறாங்க. கேட்டுட்டு நம்ம மூஞ்சியைப் பாக்கறாங்க. எனக்கு உடனே பெரியப்பா ஞாபகம் வந்துரும். ராத்திரி வீட்டுக்கு வந்து கெண்டைக்கால்ல தேங்காயெண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உக்கார்ந்திருப்பார். நின்னு நின்னு நரம்பெல்லாம் பச்சையா முடிச்சு போட்டிருக்கும். அதைப் பாத்து வளர்ந்தவனுக்குப் பின்னால ஒருத்தர் நிக்கும்போது சோறு எப்படி இறங்கும் சொல்லுங்க?

அதுக்காக, சின்ன ஹோட்டல்னா எல்லாரும் சமம், பெரிய ஹோட்டல்னா பந்தான்னு கதை விடவும் நான் தயாரில்லை. நம்ம ஊரு பழைய காப்பி கிளப்புகளோட லட்சணம் தெரிஞ்சதுதானே. யார் உக்காரலாம், எங்க உக்காரலாம்னு பாத்துப் பாத்து இடம் போட்ட காலம் உண்டு. 'பிராமணாள்'னு போட்ட போர்டை எடுக்கச் சொல்லி 1957ல பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. காசு இருந்தாலும் உள்ளே விடாத கடைகளோட ஒப்பிட்டா, காசு கொடுத்தா யாரா இருந்தாலும் சல்யூட் அடிக்கற இடம் ஒரு விதத்துல மேல்னு கூடச் சொல்லலாம். முழுசா அப்படியும் சொல்ல முடியலை. 2014 ஜூலையில சென்னையில ஒரு கிரிக்கெட் கிளப்ல நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிக்கிட்டுப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடலை. ஊரே கொதிச்சு, அடுத்த மாசமே சட்டசபையில அதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க.

அந்தச் செய்தியை எங்கப்பா பேப்பர்ல அடிக்கோடு போட்டு வச்சிருந்தார். 2018ல அவங்களோட நாப்பதாவது கல்யாண நாளுக்குப் பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு தங்கமணி ஆரம்பிச்சதும் முதல் கேள்வியே, "ஜட்ஜையே விடலை. என்னை வேட்டியோட விடுவானா?" விட்டாங்க. வாசல்ல தலைப்பாகையும் மீசையுமா நின்னவர் விறைப்பா ஒரு சல்யூட் வச்சார். அப்பாவும் செருப்பை ஒழுங்கா மாட்டிக்கிட்டு, நிமிர்ந்து நின்னு, பதிலுக்கு ஒரு சல்யூட் வச்சார். அந்த மீசைக்காரர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் இன்னும் மறக்கலை.

உள்ளே போனா, வெள்ளித் தட்டுல இலையை நறுக்கிப் போட்டு, அதுமேல சாப்பாடு. செட்டிநாட்டு அயிட்டம், மலையாளத்து அயிட்டம்னு கிண்ணம் கிண்ணமா வருது. அப்பா நெளிய ஆரம்பிச்சிட்டார். நான் எப்பவும் போல தண்ணியைக் குடிச்சுக்கிட்டிருக்கேன். அம்மா மட்டும் நிதானமா, நல்லா சாஞ்சு உக்கார்ந்து சாப்பிடறாங்க.

பரிமாறின பையனுக்கு இருபத்தி மூணு, இருபத்தி நாலு இருக்கும். அப்பளத்தைக் கொண்டு வந்து வச்சதும் அம்மா ஒரு விள்ளல் உடைச்சு, அந்தச் சத்தத்தைக் கேட்டு, "இன்னும் சுடுதுய்யா"ன்னாங்க. எனக்கு முதல்ல புரியலை. அப்பளம் சுடறதுல என்ன இருக்கு? தங்கமணிதான் என் காலை மிதிச்சா. எங்க வீட்ல அம்மா எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியில உக்காருவாங்க. அவங்க தட்டுக்கு வர்ற அப்பளம் எப்பவும் நமுத்துப் போனது. ரசம் அடி மண்டி. தோசைன்னா கடைசி மாவுல கல்லைத் துடைச்சு ஊத்தின ரெண்டு.

அதோட அம்மா விடலை. அந்தப் பையனைப் பாத்து, "நீ சாப்டியாய்யா?"ன்னு கேட்டுட்டாங்க. அவனுக்கு ஒரு நிமிஷம் எந்த மொழியில பதில் சொல்றதுன்னே தெரியலை. அப்புறம் குரலை இறக்கி, "அஞ்சரைக்கே ஆச்சும்மா. ஸ்டாஃப் கேண்டீன்ல"ன்னான். "என்ன போட்டாக?" "சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல்." சொந்த ஊரு தேனிப் பக்கமாம். கேட்டரிங் படிச்சுட்டு வந்திருக்கான். அப்புறம் அவன் அம்மாகிட்ட எதையும் கேக்கலை, பாத்துப் பாத்து வச்சுட்டே இருந்தான். தூரத்துல கோட்டு போட்ட ஒருத்தர் தலையைத் திருப்பினதும் சட்டுன்னு கையைப் பின்னால கட்டி நேரா நின்னுக்கிட்டான். பாக்கவே ஒரு மாதிரி இருந்தது.

பில் வந்தது. நான் அட்டையை மறைச்சுப் பிடிச்சும் அப்பா எட்டிப் பாத்துட்டார். ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல வாங்கற ஹோட்டல்ங்கறதால ஜி.எஸ்.டி. மட்டும் 18 சதவீதம். சாதா ஹோட்டல்னா அஞ்சுதான். அப்பா ஒண்ணும் பேசலை. கார் கிண்டி தாண்டினதும் ஆரம்பிச்சார். "ரெண்டு மாசப் பலசரக்கு. ஒரு நேரச் சோத்துக்கு. கருவாட்டுக் குழம்பு வச்சுச் சாப்பிட்டிருந்தா இதைவிட நல்லா இருந்திருக்கும்."

முன் சீட்டுல இருந்து அவர் சொன்னதுக்குப் பின் சீட்டுல இருந்து பதில் வந்தது. அம்மா சத்தம் போட்டெல்லாம் சொல்லலை. "நாப்பது வருசத்துல ஒரு நா உக்காந்து சாப்ட்ருக்கேன். அதுக்கும் கணக்காய்யா?"

வீடு வந்து சேர்ற வரைக்கும் கார்ல யாரும் பேசலை. அப்பா ஏ.சி. காத்து வர்ற ஓட்டையை மட்டும் அப்பப்போ திருப்பிக்கிட்டே வந்தார். மறுநாள் காலையில அவரே அடுப்படிக்குப் போய் காப்பி போட்டார். குடிக்க முடியலைங்கறது வேற விஷயம்.

என் விஷயம் அதுக்கப்புறமும் பெருசா மாறலை. இப்பவும் பெரிய இடத்துக்குப் போனா எனக்கு முதுகு கூசும். வருஷத்துக்கு ஒருக்கா ரெண்டு தடவை, அதுவும் தங்கமணி புண்ணியத்துல. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் தைரியம் வந்திருக்கு. பில்லுல 'சர்வீஸ் சார்ஜ்'னு தானா சேத்துருந்தா எடுக்கச் சொல்லிடறேன். அதைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லி, 2025 மார்ச்சுல தில்லி உயர் நீதிமன்றமும் அது சரின்னுடுச்சு. எடுத்த காசைப் பரிமாறினவர் கையில கொடுத்துட்டு வருவேன். தங்கமணிக்கு இதுல உடன்பாடு இல்லை. "கையில கொடுத்தா இவருக்குப் போச்சு. உள்ளே பாத்திரம் தேய்க்கறவருக்கு?"ங்கறா. பொதுவுல போட்டுப் பிரிச்சுக்கற இடமா இருந்தா அவ சொல்றது சரிதான். எந்த இடத்துல எப்படின்னு சாப்பிட வந்தவன் போய் விசாரிச்சுக்கிட்டா இருக்க முடியும்? பெரியப்பா இருந்திருந்தா ஒரே வரியில தீர்ப்பு சொல்லியிருப்பார்.

வர்ற தையில அம்மாவுக்கு 70. வீட்லயே புளியோதரை கிண்டி, கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டா போதும்ங்கறார் அப்பா. கிண்டப்போறது யாருன்னு தங்கமணி கேட்டா. அப்பாகிட்ட பதில் இல்லை. தங்கமணி போனை எடுத்து, அந்த ஹோட்டல்லயே அஞ்சு பேருக்கு டேபிள் சொல்லிட்டா. நான் இப்பலருந்தே தண்ணி குடிக்காம இருந்து பழகிக்கிட்டிருக்கேன்.