நீர் வந்த வழி

மேட்டை விட்டுப் பள்ளத்தை நாடுவது நீரின் இயல்பு. ஆயினும், அது செல்லும் வழி எப்போதும் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. கூரையில் ஓரிடத்தில் ஓடு உடைந்திருக்கும். வீட்டினுள் வேறோரிடத்தில் நீர் சொட்டும். உடைந்த ஓட்டின் வழியே நுழைந்த நீர், கைம்மரத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து சென்று, தடை நேரும் இடத்தில் துளியாய் விழுகின்றது. ஆதலின், நனைந்த இடம் வேறு. ஒழுகும் இடம் வேறு. இவ்வேறுபாட்டை அறியாதவர் நனைந்த இடத்தையே பூசி மெழுகி, அடுத்த மழையில் மீண்டும் வருந்துவர்.

வீட்டிற்குரிய இவ்வுண்மை காருக்கும் பொருந்தும். காரை நீர் புகாத பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கதவுக் கண்ணாடியின் மீது வழியும் மழைநீரில் ஒரு பகுதி கதவின் உட்கூட்டுக்குள் இறங்குகின்றது. கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் அதனை வெளியேற்றுகின்றன. முன்கண்ணாடியில் விழும் மழை, அதன் கீழே, பானெட்டை அடுத்து அமைந்த ஒரு பள்ளத்தில் சேர்ந்து, துளைகளின் வழியே தரையை அடைகின்றது. நீரை முற்றும் தடுப்பது அரிது. ஆகவே, வந்த நீருக்கு வழிவிடுவதே கார் அமைப்போர் கண்ட முறை. அவ்வழி அடைபட்டால், நீர் தானே வேறு வழி தேடிக்கொள்ளும்.

2021ஆம் ஆண்டு ஐப்பசியில் சென்னையில் பெருமழை பெய்தது. அம்மழை நாள்களில் ஒரு காலை, என் நண்பர் தம் காரின் கதவைத் திறந்தார். முன்புறத்து இடப்பக்க இருக்கையின் கீழே, கால் வைக்கும் இடத்தில் நீர் தேங்கி நின்றது. அவர் உடனே தம் ஓட்டுநரை அழைத்தார்.

“கண்ணாடியை ஏற்றாமல் விட்டுச் சென்றாயா?” என்று வினவினார்.

“இல்லை ஐயா. நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிப் பூட்டிய பின்னரே சாவியைத் தங்களிடம் கொடுத்தேன்” என்றார் ஓட்டுநர்.

நண்பர் அதனை நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் மழை பெய்தது. மீண்டும் நீர் தேங்கியது. பழுது பார்க்கும் செலவை மாத ஊதியத்தில் பிடித்துக்கொள்வதாகவும், வேறு ஆள் தேடப் போவதாகவும் நண்பர் கூறிவிட்டார். ஆறு ஆண்டுகள் ஒரே வீட்டில் வேலை செய்தவர் அந்த ஓட்டுநர். அவருக்கு ஊதியக் குறைவினும் பெரிய இழப்பு, பொய்யர் என்னும் பெயர். அவர் மறுமொழி ஒன்றும் கூறாது தலைகுனிந்து நின்றதை நான் கண்டேன்.

“தண்டனைக்கு முன் விசாரணை வேண்டாவா?” என்று நண்பரைக் கேட்டேன். அவர் அரைமனத்துடன் இசைந்தார். எங்கள் தெருவில் மோட்டார் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் உண்டு. அவரை அழைத்து வந்தோம். அவர் எவரையும் குறை கூறவில்லை. “முதலில் எந்த நீர் என்று காண்போம், பிறகு எந்த வழி என்று காண்போம்” என்றார்.

முதலில் அவர் இருக்கையைத் தடவிப் பார்த்தார். அது உலர்ந்திருந்தது. கதவின் உட்புறத் துணியிலும் ஈரமில்லை. பின்னர்க் காலடியில் இருந்த விரிப்பைத் தூக்கினார். அதன் மேற்புறத்தைவிட, அடியில் இருந்த ஸ்பாஞ்சு மிகுதியாக நனைந்திருந்தது. கண்ணாடி திறந்திருந்து மழை அடித்திருக்குமானால், கதவும் இருக்கையும் அன்றோ முதலில் நனைய வேண்டும்? நீர் மேலிருந்து சாரலாக விழவில்லை; விரிப்பின் அடியிலே புகுந்திருக்கின்றது. அப்போதே ஓட்டுநர் மீது சுமத்திய பழி பாதி தளர்ந்துவிட்டது.

காருக்குள் மழைநீர் மட்டுமே சேரும் என்பதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமும் கசிந்து உள்ளே வரக்கூடும். அது நிறமும் பிசுபிசுப்பும் உடையது, நஞ்சு கலந்தது, ஆதலின் அதனைச் சுவைத்துப் பார்த்தல் கூடாது. முதியவர் ஒரு வெள்ளைத் தாளை ஈரத்தில் ஒற்றி எடுத்தார். அதில் நிறமும் இல்லை, பிசுக்கும் இல்லை. எஞ்சின் அருகே உள்ள நீர்மக் கலத்திலும் அளவு குறையவில்லை. ஆகவே அது காரணமன்று.

அடுத்து ஆராய வேண்டியது குளிர்சாதனம். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதை நாம் அறிவோம். 30 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 10 பாகையில் ஏறத்தாழ 9 கிராமே தாங்கும். எனவே, ஈரக்காற்று குளிரும்போது மிகுதியான நீராவி நீராகிவிடுகின்றது. காரின் குளிர்சாதனத்திலும் இவ்வாறே நீர் உண்டாகி, ஒரு சிறு குழாய் வழியே வெளியே சொட்டுகின்றது. அக்குழாய் அடைபட்டால் நீர் காருக்குள்ளேயே வழியும். முதியவர் விரிப்பின் அடியைத் துடைத்துவிட்டு, குளிர்சாதனத்தை அரை மணி நேரம் ஓடவிட்டார். காரின் அடியில் நீர் தாராளமாகச் சொட்டியது. உள்ளே ஒரு துளியும் இல்லை. ஆகவே அதுவும் காரணமன்று. மழைநீர் ஒன்றே எஞ்சியது.

இனி வழியைக் காண வேண்டும். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர்ந்தார். முதியவர் ரப்பர்க் குழாயால், வேகமின்றி, நீரை வெளியே ஊற்றினார். கதவின் அடிப்பகுதியில் தொடங்கி, ஓரிடத்திற்குச் சில நிமிடங்கள் என்று சிறிது சிறிதாக மேலே சென்றார். “ஏன் கூரையிலிருந்து தொடங்கவில்லை?” என்று நண்பர் கேட்டார். “மேலே ஊற்றினால் நீர் கீழே இறங்கி எல்லா இடங்களையும் நனைக்கும். பிறகு எவ்விடத்தில் நுழைந்தது என்று எப்படிச் சொல்வது?” என்றார் முதியவர். படிப்பு மிகுதியாக இல்லாதவர் அவர். ஆயினும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்கும் அறிவியல் முறையை நன்கு அறிந்திருந்தார்.

கதவில் குறையில்லை. முன்கண்ணாடியின் கீழுள்ள பள்ளத்தில் நீர் விழுந்தபோது, அது வெளியே ஓடாமல் தேங்கியது. சில நிமிடங்களில், “இதோ வருகின்றது!” என்று உள்ளிருந்து குரல் எழுந்தது. டாஷ்போர்டின் பின்புறமாக இறங்கிய நீர், விரிப்பின் அடியில் புகுந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் மூடியைக் கழற்றினோம். கார் நாள்தோறும் நின்றது ஒரு வேப்பமரத்தின் நிழலில். உதிர்ந்த இலைகளும் பூக்களும் பல மாதங்களாகச் சேர்ந்து, மக்கி, வடிகால் துளையை மண்போல் அடைத்திருந்தன. தேங்கிய நீர் உயர்ந்து, காருக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் வாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்திருந்தது. நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவைத்தபோதும் அது வரவே செய்யும்.

முதியவர் அவ்வளவில் நிறைவு கொள்ளவில்லை. அடைப்பை நீக்கி, அதே இடத்தில் அதே அளவு நேரம் மீண்டும் நீர் ஊற்றினார். இப்போது நீர் முன்சக்கரத்தின் பின்னே தரையில் கொட்டியது. உள்ளே ஈரம் இல்லை. காரணத்தை நீக்கியவுடன் விளைவும் நீங்கியது. ஐயம் முற்றும் அகன்றது.

ஈரமான ஸ்பாஞ்சை அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தரைத் தகடு துருவேறும். விரிப்பின் கீழ்ச் செல்லும் மின்கம்பிகளின் இணைப்புகள் கெடும். ஆகவே இருக்கையைக் கழற்றி, விரிப்பை எடுத்து, மழை ஓய்ந்தபின் பல நாள் வெயிலில் உலர்த்தினர். மாதம் ஒரு முறை பள்ளத்தில் சேரும் இலைகளை அகற்றுவது என்றும் முடிவு செய்தனர்.

நண்பர் ஓட்டுநரின் கைகளைப் பற்றிக்கொண்டார். “தம்பி, உன் சொல்லை நான் கேட்டிருக்க வேண்டும், மன்னித்துவிடு” என்றார். ஊதியம் குறைவின்றி அளிக்கப்பட்டது. அவ்வோட்டுநர் இன்றும் அவ்வீட்டிலேயே பணிபுரிகின்றார்.

குற்றம் நிகழ்ந்த இடத்திற்கு அருகில் நிற்பவரையே குற்றவாளி என்று கொள்வது உலகத்தின் வழக்கமாக இருக்கின்றது. அது, நனைந்த இடத்தையே ஒழுகும் இடம் என்று கொள்வது போன்றது. பொறுமையுடன் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, ஆகாதவற்றைத் தள்ளி, எஞ்சியதையும் சோதித்துத் தெளிபவரே உண்மையைக் காண்பர். சிறிய ஒழுக்கு ஒன்றைக் கண்டறிவதற்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டுமாயின், ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றி முடிவு கூறுவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்!