சுரங்கத்துக்கு முன்னால் திரும்பினேன்

டெர்பி
ஜூன் 14

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. உடனே பதில் எழுத முடியாமல் போன காரணம் உனக்கே தெரியும். வலது கை நடுவிரல் மடங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த வாரம் அது. இந்தக் கடிதத்தையும் மூன்று நாளாகப் பிரித்துத்தான் எழுதப் போகிறேன். நடுவில் கையெழுத்து மாறினால், அங்கே பொழுது விடிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்.

"வலி கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் வெளியே போகலாம்" என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியைத் தவிர எட்டு மாதமாக எங்கேயும் போகவில்லையாம். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். நானும் மூன்று வருடம் அப்படித்தான் சன்னலோரத்து நாற்காலியில் கிடந்தேன். உனக்கு வந்திருப்பதும் எனக்கு இருப்பதும் ஒரே முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய படையே மூட்டின் உள்ளுறையைப் பகை என்று எண்ணித் தாக்குகிறது. மருந்து அதை அடக்கி வைக்கும். எனக்குத் தெரிந்தவரை அடியோடு போக்குவதில்லை. நீ காத்திருக்கும் அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று என் டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் வலியையும் கூட்டிக்கொண்டே வெளியே போய்வந்த கதையை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு வடக்கே பீக் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு மலைநாடு. சுண்ணாம்புக்கல் குன்றுகள், புல்வெளி, சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலிகள், இடையிடையே ஆடுகள். பிரிட்டனில் முதன்முதலாக 1951-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தது இந்த இடத்தைத்தான். சும்மா கிடைத்துவிடவில்லை. மலை முழுக்கத் தனியார் வேட்டை நிலமாக இருந்த காலத்தில், 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேல் தடையை மீறி ஏறினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். வாரம் முழுதும் ஆலைப் புகையில் இருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த எனக்கு அவர்களுடைய தவிப்பு நன்றாகவே புரிகிறது.

ஆனால் நமக்கு மலை ஏறுகிற முழங்கால் இல்லை. நான் போவது மான்சல் பாதைக்கு. 1863-இல் இந்தப் பள்ளத்தாக்கு வழியாக ரயில் விட்டார்கள், 1968-இல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் போன இடத்தைப் பொடிக்கல் பரப்பிச் சமன் செய்து நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். மொத்தம் சுமார் 14 கிலோமீட்டர். நீராவி எஞ்சினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதற்காக மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தின் மேல் பாலம் கட்டினார்கள், மேட்டை வெட்டினார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எஞ்சினுக்காகப் பார்த்த அந்தப் பதம் இன்று நம் மூட்டுக்கு உதவுகிறது. படி இல்லை, குண்டு குழி இல்லை. நமக்கு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் உயிர் போகும் என்று உனக்குத் தெரியுமே, அந்த இறக்கமும் அங்கே தெரியாது.

போன செப்டம்பரில் போனதை முதலில் சொல்கிறேன். அதில் நான் செய்த தவறை நீ செய்துவிடக் கூடாது.

நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு இங்கே இலவசப் பேருந்து அட்டை தருகிறார்கள். வார நாட்களில் காலை 9.30-க்குப் பிறகுதான் அது செல்லும். எனக்கு அதுவே வசதி. விழித்ததும் கை கால் மரக்கட்டையாக இருக்குமே, அந்த விறைப்பு விட்டு நான் சட்டைப் பொத்தான் போடவே ஒன்பது மணி ஆகிவிடும். பேருந்து டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. வழியில் குரோம்ஃபோர்ட் என்ற சிற்றூர். ஆர்க்ரைட் என்பவர் 1771-இல் தண்ணீர் விசையால் ஓடும் பருத்தி நூற்பாலையைத் தொடங்கிய இடம். தறி வீட்டில் பிறந்த நாம் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியுமா? அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பேக்வெல் ஊரில் இறங்கினேன். பழைய ரயில் நிலையம் ஊரிலிருந்து மேட்டில் இருக்கிறது. நடையைத் தொடங்கும் முன்பே அந்த மேடு என் பலத்தில் பாதியைத் தின்றுவிட்டது. இருந்தும் அன்றைக்கு வலி குறைவு, வெயில் இதம், வேலியோரத்தில் நாவல் நிறத்தில் கருந்திராட்சை போல ஏதோ பழம் தொங்குகிறது. நடந்துகொண்டே இருந்தேன். வலி குறைந்த நாளுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும். வலி இருக்கிற நாள் நம்மைத் தானே நிறுத்திவிடும். இல்லாத நாளில் பழைய உடம்பு திரும்பி வந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டேன். ஹெட்ஸ்டோன் சுரங்கம் வந்தது. கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நீளம். பல வருடம் அடைத்து வைத்திருந்த இந்தச் சுரங்கங்களை 2011-இல்தான் நடப்பவர்களுக்குத் திறந்து விளக்குப் போட்டார்கள். உள்ளே கிணற்றடிக் குளிர், சுவரில் ஈரம். மறுபக்கம் வெளியே வந்தால் காலடியில் திடீரென்று பள்ளத்தாக்கு திறக்கிறது. ஐந்து வளைவு கொண்ட உயரமான கல் பாலத்தின் மேல் நிற்கிறேன். கீழே வை ஆறு வெள்ளிச் சரிகை போல வளைந்து போகிறது. இந்தப் பாலம் வந்ததால் பள்ளத்தாக்கே பாழாகிவிட்டது என்று எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்தாராம். இன்று அதே பாலத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், சத்தியமாக.

அப்புறம்தான் உறைத்தது, வந்த தூரம் அத்தனையும் திரும்பவும் நடக்க வேண்டும் என்று.

திரும்பிய வழியைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். சுரங்கக் குளிர் கணுக்காலில் இறங்கிவிட்டது. கண்ணில் பட்ட பெஞ்சில் எல்லாம் உட்கார்ந்தேன். கடைசிப் பேருந்துக்கு முந்தியதைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தவள் நாலு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினேன். என் வீட்டுக்காரர் திட்டவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஜூன் 15

இன்று கை பரவாயில்லை.

பிசியோதெரபி சொல்லித்தருகிற பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். போகாதே என்று சொல்வாள் என்று நினைத்தேன். எங்கே திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்பு என்றாள். நல்ல நாளானாலும் அதைத் தாண்டாதே, கெட்ட நாளானால் அதில் பாதி போ, ஆனால் போ என்றாள். நான் அதை நம் ஊர்க் கணக்காக மாற்றி வைத்துக்கொண்டேன். இருக்கிற பலம் மூன்று படி நெல் என்றால் ஒரு படி போவதற்கு, ஒரு படி வருவதற்கு. மூன்றாவது படி விதைநெல். அது மறுநாளைக்கு. எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லில் கை வைக்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது.

போன சனிக்கிழமை மறுபடி போனோம். இந்தத் தடவை மேடு ஏறுகிற வேலையே வேண்டாம் என்று, பாதையை ஒட்டிய மில்லர்ஸ் டேல் என்ற பழைய ரயில் நிலையத்துக்கே இவர் காரில் கூட்டிப் போனார். வாரத்துக்கு ஒரு நாள் போடும் மெத்தோட்ரெக்சேட் மருந்தால் எனக்கு மறுநாள் முழுக்கக் குமட்டும். அந்த நாளைத் தள்ளிவிட்டுத்தான் தேதியே பார்த்தோம். பையில் பிளாஸ்கில் சுக்குக் காப்பி, உட்கார ஒரு சின்ன மெத்தை, மடக்குத் தடி. வெயில் காலமே ஆனாலும் கம்பளிக் கையுறை.

நிலையத்தை விட்டதும் ஆற்றின் மேல் ஒரு பாலம். அதைத் தாண்டினால் கோட்டைச் சுவர் போலப் பழைய சுண்ணாம்புக் காளவாய். அப்புறம் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களுக்கு நடுவே கீழே ஆறு. பாறை இடுக்கெல்லாம் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகச் சாமந்தி மாதிரிப் பூக்கள். நான் நூறு தப்படிக்கு ஒரு முறை நின்றேன். நின்றால்தான் தெரிகிறது. வேகமாக நடப்பவர்கள் எங்களைக் கடந்து போனபடியே இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பாறையில் கசிகிற தண்ணீருக்குப் பக்கத்தில் குஞ்சுக்கு இரை கொண்டுபோன அந்தக் குருவியைப் பார்த்திருப்பார்கள்?

பெஞ்சுகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒருவர் இறந்துபோனால், அவருக்குப் பிடித்த பாதையோரம் பெஞ்சு போட்டு, அதில் பெயரைப் பொறித்து வைக்கிற வழக்கம் உண்டு. முதலில் பார்த்தபோது செத்தவர் பெயர்மேல் சாய்ந்து உட்காரக் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் சட்டென்று நினைவு வந்தது: நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்! வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்டு வைப்பார்களே, இரண்டு கல் நிற்க, மேலே ஒரு கல் படுத்திருக்கும். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக ஊரார் சுமை இறங்கட்டும் என்று. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன்மேல் பைக்கட்டை வைத்துவிட்டு நாம் கொடுக்காப்புளி பொறுக்குவோம். யாருக்காக நட்டது என்று உன் பாட்டிதான் சொன்னாள். அன்று முதல் நீ அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். இப்போது நான் இந்தப் பெஞ்சுகளில் உட்காருமுன் பெயரைப் படிக்கிறேன். எழும்போது பலகையை ஒரு முறை தடவிவிட்டு எழுகிறேன்.

நான் முடிவு செய்து வைத்திருந்த எல்லை லிட்டன் மில். ஆற்றோரம் நிற்கிற பழைய பருத்தி ஆலை. இப்போது அதில் மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னல்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. அந்த ஆலைக்குள் ராபர்ட் பிளின்கோ என்ற பையனின் பிள்ளைப் பருவம் கரைந்து போயிருக்கிறது. அப்பா அம்மா இல்லாதவன். லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் ஏழைகள் விடுதியிலிருந்து 1799-இல், ஏழு வயதில், கூட்டத்தோடு கூட்டமாக நூற்பாலைக்கு அனுப்பப்பட்டான். முதலில் நாட்டிங்ஹாம் பக்கத்து ஆலை, அது மூடியதும் இங்கே. நாளெல்லாம் நின்றே வேலை, அரை வயிற்றுக் கஞ்சி, அடி. வளர்கிற கால் வளைந்துபோயிற்று. வயது வந்த பிறகும் அது நிமிரவில்லை. அவன் சொன்னதைக் கேட்டு எழுதிய வாழ்க்கை வரலாறு 1832-இல் தனி நூலாக வந்தது. அடுத்த வருடம் ஆலைகளில் பிள்ளைகள் படும் பாட்டை விசாரிக்க வந்த அரசுக் குழுவின் முன்னாலும் அவன் சாட்சி சொன்னான்.

கீழே அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது. குழித்தறியில் இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். மிதிகட்டை மிதித்து மிதித்து வலது முழங்கால் வீங்கியிருக்கும். ராத்திரி அம்மா நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ப்பாள். "சீமை நூல் வந்து நம் ராட்டையை நிறுத்தியது, சீமைத் துணி வந்து நம் தறியைப் பாதி நிறுத்தியது" என்று தாத்தா சொன்னதை அவர் எங்களுக்குச் சொல்லுவார். அந்தச் சீமை நூலை நூற்ற கைகளில் இந்த மாதிரி ஏழு வயதுக் கைகளும் இருந்திருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பையனுக்காகவும் வருத்தப்பட்டிருப்பார். அப்பா அப்படிப்பட்டவர். தன் காலைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்து நான் கெடுத்துக்கொண்டது கொஞ்சமல்ல. நீ அதைச் செய்யாதே. வீட்டில் எல்லோரிடமும் சொல். உட்கார வேண்டும் என்று தோன்றினால் கல்யாணப் பந்தலானாலும் வாய்விட்டுக் கேள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அடுத்த சுரங்கம். அதையும் தாண்டினால் ஆறு அகன்று குளம் போல் நிற்கிற இடம் வரும், பாறைச் சுவர் தண்ணீரில் தெரியும், அவ்வளவு அழகு என்று எதிரே வந்த ஒரு கிழவர் சொன்னார். கால் அன்றைக்கு இலகுவாகத்தான் இருந்தது. இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தடியை ஊன்றி எழுந்து, வந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

நிலையத்துக்கு வந்து டீ குடித்தோம். வீட்டுக்கு வந்து வெந்நீரில் கை காலை வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை விறைப்பு வழக்கம்போலத்தான் இருந்தது, கூடுதலாக இல்லை. பதினோரு மணிக்கு நானே எழுந்து சாம்பார் வைத்தேன். அந்தச் சாம்பார்தான் என் விதைநெல்.

ஜூன் 16

விரல் இன்று கொஞ்சம் தகராறு. சீக்கிரம் முடிக்கிறேன்.

தை மாதம் ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போக வேண்டும். ஒரே சைக்கிளில் நாம் இருவரும் மாற்றி மாற்றி மிதித்துப் போவோமே, அந்த இடம்தான். இந்தத் தடவை ஆட்டோவில் போய்க் கரை ஓரத்திலேயே இறங்கிக்கொள்வோம். மலைப் பக்கமிருந்து காற்று வரும். கரைமேல் முழுக்க நடக்க வேண்டாம்.

அதற்கு முன்னால் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். மருமகனை ஒரு நாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் அங்கே போய்வா. கரைமேல் ஏறப் படியா, சரிவா, உட்கார எங்கெங்கே திண்டு இருக்கிறது, முதல் திண்டுக்கும் அடுத்ததுக்கும் எத்தனை தப்படி, எங்கே நிழல், பக்கத்தில் டீக்கடை உண்டா, இதையெல்லாம் பார்த்து எழுது. ஆட்டோவை விட்டு இறங்க முடியாத நாளாக இருந்தால் உட்கார்ந்தபடியே பார்த்துச் சொல். அந்தப் பழைய சுமைதாங்கிக் கல் இன்னும் நிற்கிறதா என்பதையும் எழுது. ரோட்டை அகலப்படுத்தும்போது எடுத்திருக்க மாட்டார்களே?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் பழைய பெஞ்சுத் தோழி