ஓசை நின்ற கணிப்பொறி

திருக்குர்ஆன் ஏட்டில் தொகுக்கப்படுவதற்கு முன்பே செவிவழியாக நெஞ்சங்களில் பதிந்துவிட்ட வேதம். ஆசிரியர் ஓத, மாணவர் அதனைக் கேட்டு அவ்வண்ணமே திருப்பி ஓதிக் காட்டுவதுதான் இன்றளவும் அதனைக் கற்கும் முறை. 1961-ஆம் ஆண்டு எகிப்தில் காரீ மஹ்மூது கலீல் அல்-ஹுஸரீ அவர்களின் குரலில் முழுக் குர்ஆனும் ஒலிப்பதிவாகி வெளிவந்தது. 1964-இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி நிலையம் பிறந்தது. பிறகு ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது. இப்போது அந்தக் குரல்களெல்லாம் வீட்டுக் கணிப்பொறிக்குள் வந்து அமர்ந்துவிட்டன.

"திரையில் எழுத்துத் தெரிகிறதே, ஓசை எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு அது வியப்பான கேள்வி. அரபியில் ஸே, ஸீன், ஸாத் என்று மூன்று எழுத்துகள் உள்ளன. தமிழில் எழுதினால் மூன்றும் 'ஸ' ஆகிவிடும். பெரிய காஃபில் தொடங்கும் 'கல்ப்' இதயத்தைக் குறிக்கும். சின்னக் காஃபில் தொடங்கும் 'கல்ப்' நாயைக் குறிக்கும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் எள்ளளவும் வேற்றுமை இல்லை. நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோது ட, ண, ழ போன்ற ஓசைகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துக் கொண்டார்கள். எதிர்த்திசையில் அப்படியோர் ஏற்பாடு தமிழில் நிலைபெறவில்லை. ஆகவே காதுதான் நமக்குக் கதி.

எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. முஸ்ஹபை விரித்து ஓத முடியாமல் போன நாளிலிருந்து, சுபுஹு தொழுகைக்குப் பின் ஹுஸரீ அவர்களின் ஓதலைக் கேட்டபடி தாமும் உடன் ஓதி வருகிறார். கைப்பேசி போதாதா என்று கேட்கலாம். அம்மாவுக்குக் காதும் சற்று மந்தம். மேசைமேல் இருக்கும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள்தாம் அவருக்குத் துணை. அவை ஒருநாள் திடீரென ஊமையாயின. திரை ஒளிர்ந்தது, எழுத்து ஓடியது, ஓசை மட்டும் இல்லை. அம்மா மூன்று நாள் விடியலில் ஒன்றும் சொல்லாமல் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருந்தார். குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்.

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சவுண்ட் கார்டு போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகை என் ஊதியத்தில் ஒரு பெரும் பங்கு. ஒரு காலத்தில் ஒலிக்கென்று தனி அட்டை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. 1981-இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் 'பீப்' என்று ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கி மட்டுமே உண்டு. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டைதான் அதனைப் பாடவும் பேசவும் வைத்ததில் பெரும் பங்கு வகித்தது. இப்போது அவ்வேலையை மதர்போர்டிலேயே உள்ள சிறு சில்லு செய்கிறது. அது மெய்யாகவே பழுதானாலும், யு.எஸ்.பி. துளையில் செருகும் ஒலிக்கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இதை அவர் சொல்லவில்லை.

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பதில் ஒரு வசதி உண்டு. எந்த வட்டத்துக்குப் போனாலும், எந்தச் சுவருக்கு அப்பாலும், இயந்திரத்தோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் இருப்பார். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணிப்பொறியை அவர் அதிகம் அறிந்தவர் அல்லர். ஆனால் செய்தியைக் கேட்டதும் சொன்னார்: "பாய், மின் நிலையத்துக்கு நிலக்கரி வந்து சேரவில்லை என்றால் நாங்கள் உடனே சுரங்கத்துக்கு ஓட மாட்டோம். கன்வேயர் பெல்ட் முடிகிற இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து வருவோம். எங்கே நின்றது என்று தானே தெரிந்துவிடும்."

அவ்வாறே நடந்தோம். முதலில் ஒலிபெருக்கியின் கம்பியை உருவி என் பழைய கைப்பேசியில் செருகினார். கணீரென்று ஓசை வந்தது. ஒலிபெருக்கியும் கம்பியும் நலம். அடுத்து, பெட்டியின் பின்புறத் துளைகள். பச்சை ஒலிபெருக்கிக்கு, இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. கம்பி பச்சையிலேயே இருந்தது. முன்புறத் துளையில் யாரேனும் காதணிக் கருவியைச் செருகி வைத்தாலும் பின்புற ஓசை நின்றுவிடுவதுண்டு; அதுவும் இல்லை. திரையின் மூலையில் கடிகாரத்துக்கு அருகே உள்ள ஒலிபெருக்கிப் படத்தில் பெருக்கற்குறி இல்லை; அளவு நூறில் நின்றது.

பிறகு ஒலி அமைப்புக்கான பக்கத்தைத் திறந்து, ஓதலை ஓடவிட்டோம். அங்கே இரண்டு கருவிகளின் பெயர்கள் இருந்தன. பச்சைக் கோடு ஒன்று ஓதலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஆடிக் கொண்டிருந்தது. ஆனால் அது ஆடியது ஒலிபெருக்கியின் பெயருக்கு எதிரே அன்று, திரையின் பெயருக்கு எதிரே! அந்த வாரம்தான் பழைய திரை கெட்டுப் புதுத்திரை வாங்கியிருந்தோம். பழைய திரையின் வி.ஜி.ஏ. கம்பி படத்தை மட்டுமே கொண்டு செல்லும். புதியதன் எச்.டி.எம்.ஐ. கம்பியோ படத்தையும் ஒலியையும் சேர்த்தே சுமக்கும். புதுக்கம்பியைக் கண்ட கணிப்பொறி, ஓசை முழுவதையும் ஒலிபெருக்கியே இல்லாத அந்தத் திரைக்குள் அனுப்பிக் கொண்டிருந்திருக்கிறது. ஒலிபெருக்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை அழுத்தினோம். அவ்வளவே. அல்ஹம்துலில்லாஹ், செலவு ஒரு குவளை தேநீர்.

இதிலும் தீராவிட்டால் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் ஒலிக்கருவியை நீக்கிவிட்டுக் கணிப்பொறியை மறுபடி இயக்கலாம். பெரும்பாலும் அதற்கான டிரைவரை அதுவே தேடிப் போட்டுக் கொள்ளும். மதர்போர்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஹுஸரீ அவர்களோடு பாதி ஆயத்தில் சேர்ந்துகொண்டார்.

மறுவாரம் மதரஸாப் பிள்ளைகளின் ஓதலையும் பதிவு செய்து அவர்களுக்கே கேட்கக் கொடுக்கத் தொடங்கினேன். நான் பத்து முறை திருத்தியும் பெரிய காஃபைச் சின்னக் காஃபாகவே ஓதி வந்த சிறுவன் ஒருவன், தன் குரலைத் தானே கேட்டுவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"ஹஜ்ரத், நான் இதயம் என்று ஓதவில்லையே, நாய் என்றல்லவா ஓதியிருக்கிறேன்!"